ஹெல்மெட்டில் இருந்த பெயர்

ஜனவரி 18, சனி

போன கார்த்திகையில் ஒரு கல்யாண வீட்டில், கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டு, பவுண்டரிக்கு ஒரு டாக்டரை வரவழைக்கலாமே என்று நான் சொன்னதற்கு நாச்சிமுத்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஏனுங்க வாத்தியாரே, பவுண்டரிக்கு டாக்டர் வந்து உக்காந்தா எனக்கு என்னங்க மிச்சம்?"

நாச்சிமுத்து பக்கத்துத் தெரு. பம்பு செட்டுக்கு இரும்பு உடல் வார்க்கும் பவுண்டரி வைத்திருக்கிறார். என் மருமகன் லோகநாதன் அங்கே கிரைண்டிங் பகுதிக்குப் பொறுப்பு. வார்த்து எடுத்த இரும்பில் ஒட்டியிருக்கும் மண்ணையும் பிசிறையும் சக்கரத்தில் வைத்துத் தேய்த்து எடுக்கிற இடம் அது. உள்ளே போய் வந்தால் மூக்கைச் சிந்தினாலே கறுப்பாக வரும்.

கேள்வியில் தப்பில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் அறிவியல் பாடம் நடத்தியவன் நான். "இதைப் படிச்சா என்ன சார் கிடைக்கும்?" என்று கேட்ட பையனை ஒருநாளும் திட்டியதில்லை. அவனுக்கு வேண்டியது ஒரு உதாரணம், அவ்வளவுதான். கல்யாண வீட்டில் உதாரணம் தோன்றவில்லை. இன்று அவர் ஆபீசில் உட்கார்ந்து பேசினேன்.

"ஃபர்னஸ் புகைக்கு ஃபில்டர் பை போட்டிருக்கீங்க. அதை அப்பப்ப மாத்தறீங்க. எதுக்குங்க?"

"மாத்தாட்டி மெஷின் நின்னு போகுமுங்க."

"ஆளுக்கும் உள்ளே ஃபில்டர்தான் இருக்குது."

அவர் சிரித்தார். "அங்கதானுங்க வித்தியாசம். மெஷின் நின்னு போகும். ஆளு நிக்க மாட்டான். இருமிக்கிட்டே வேலை செய்வான்."

"செய்வானுங்க. ஆனா பிசிறு போகாம அனுப்பிடுவான். அனுபவப்பட்ட ஆளு படுத்துட்டா புதுசா வர்றவன் நாலு உடலைக் கெடுத்துட்டுத்தான் கத்துக்குவான். வெளிநாட்டுல இருந்து திருப்பி அனுப்பினாங்களே, அந்த லோடை யார் தேய்ச்சதுன்னு பாருங்க."

பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், "ஆடி வரைக்கும் பாக்கலாமுங்க. புதங்கிழமை ஒரு டாக்டர் வரட்டும். நீங்க பக்கத்துல உக்காந்து பாத்துக்கங்க. லாபம் என் கண்ணுக்குத் தெரியணும்" என்றார்.

லோகநாதனுடைய இருமலைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வருகிற மனிதர் அல்ல. டாக்டரே பவுண்டரிக்கு வந்துவிட்டால் எங்கே போய் ஒளிவார்? எனக்கு வேண்டிய லாபம் அதுதான்.

ஜனவரி 22, புதன்

வருகை பதிகிற டைம் ஆபீசை ஒட்டிச் சாக்கு அடுக்கி வைத்திருந்த அறையைக் காலி செய்து கொடுத்திருக்கிறார்கள். ஒரு கட்டில், ஒரு மேசை, எடை பார்க்கிற மெஷின். டாக்டர் ஜெசிந்தா வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், வேகமாகப் பேசுகிறார், மெதுவாகக் கேட்கிறார்.

முதல் நாள் யாரும் வரவில்லை. தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மத்தியானம் மாரப்பன் என்று ஒருவர் வந்தார். மண்ணில் அச்சு பிடிக்கிற பகுதியில் வேலை. நெடுநெடு என்று வளர்ந்த ஆள், ஊர்க் கபடி அணியில் பாடிப் போகிறவராம்.

"டாக்டரம்மா, ஊசி போடுவீங்களா?"

"எதுக்கு? உனக்கு என்ன பண்ணுது?"

"எனக்கு ஒண்ணும் பண்ணலீங்க. போடுவீங்களா இல்லையான்னு கேட்டுட்டு வரச் சொன்னானுங்க. வெளிய எட்டுப் பேரு நிக்கறானுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். அதன் பிறகு எட்டுப் பேரும் வந்தார்கள். லோகநாதன் வரவில்லை. கிரைண்டிங்கில் லோடு ஏறுகிறதாம்.

ஜனவரி 27, திங்கள்

கேஸ் சிலிண்டருக்குச் சொல்லியாயிற்று. கண்ணாடியின் கால் ஆடுகிறது, ஒட்ட வேண்டும். மகள் கோமதி குழந்தையோடு வந்து போனாள். "அவரு உக்காந்துக்கிட்டே தூங்கறாருப்பா" என்றாள். அலுப்பாக இருக்கும் என்றேன்.

பிப்ரவரி 5, புதன்

நல்ல நாள். சக்கரத்தில் இருந்து கண்ணில் இரும்புத் தூள் தெறித்து ஒருவர் வந்தார். முன்பெல்லாம் இதற்குக் கோயமுத்தூர் வரை பஸ்ஸில் போய் வரிசையில் நின்று வருவார்கள். அன்றைய வேலை போய்விடும். கண் சிவந்து மறுநாளும் லீவு. இன்று டாக்டர் எடுத்துவிட்டார், டீ வருவதற்குள் அவர் திரும்பிப் போய்விட்டார். நாச்சிமுத்து ஆபீஸ் ஜன்னலில் இருந்து இதைப் பார்த்திருக்கிறார்.

"வாத்தியாரே, கணக்கு புரிய ஆரம்பிக்குதுங்க" என்றார்.

டாக்டர் விடவில்லை. "கண்ணுத் தூள் யாருக்கும் தெரியும் சார். எனக்குப் பயம் உள்ள போற தூள். எல்லாரையும் ஒருதடவை மூச்சு மெஷின்ல ஊதச் சொல்லணும். கம்மியா ஊதறவங்களுக்கு எக்ஸ்ரே எடுக்கணும். அப்படி நிறையப் பேர் இருந்தா கிரைண்டிங்ல தூசியை உறிஞ்சற சக்ஷன் கட்டாயம் போடணும்."

நாச்சிமுத்து யோசித்தார். "சரிங்க. கம்மியா வந்தா சக்ஷன் போட்டுடறேன். கொட்டேஷன் வாங்கி வெக்கறேன்." மனிதர் நல்லவர்தான். ஆனால் வாய் சும்மா இருப்பதில்லை. டீ கொண்டுவந்தவர் நிற்கும்போதே, "ஊத முடியாதவனெல்லாம் இனி ஊருக்குப் போயி மாடு மேய்க்க வேண்டியதுதான்" என்று சொல்லிச் சிரித்தார்.

டீ கிளாஸ் திரும்பிப் போவதற்குள் அந்தப் பேச்சு பவுண்டரி முழுக்கப் போய்விட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாரியம்மன் கோயில் மைதானத்தில் கபடி. மாரப்பன் பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் போய் நிற்கிறார், நிற்கிறார், மூச்சு விடுவதாக இல்லை. நுரையீரலுக்கு உதாரணம் காட்ட வகுப்புக்கு இப்படி ஒருவரைக் கூட்டிப் போயிருக்கலாம். பவுண்டரி ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் அவரைச் சுற்றி நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். லோகநாதனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் கலைந்தார்கள்.

பிப்ரவரி 17, திங்கள்

கோமதி தனியாக வந்தாள்.

"அப்பா, அந்த ஊதற லிஸ்ட்ல இருந்து அவரு பேரை எடுத்துடுங்க."

"அப்படியெல்லாம் எடுக்க முடியாதும்மா. என் மருமகனுக்கு ஒரு நியாயம், ஊரான் பிள்ளைக்கு ஒரு நியாயமா?"

"ஊதித் தோத்துட்டா வெளிய அனுப்பிடுவாங்களாமா. சேதி பரவினா இந்தப் பக்கத்துல எந்தப் பவுண்டரியும் எடுக்காதாமா. அவருக்கு இரும்பை விட்டா வேற என்னப்பா தெரியும்?"

"தோக்கறது ஜெயிக்கறது இல்லம்மா இது. காய்ச்சல் இருக்கான்னு பாக்கறதில்லையா, அந்த மாதிரி."

"காய்ச்சல் வந்தா வேலைய விட்டுத் தூக்க மாட்டாங்கப்பா" என்றாள்.

காபி போட்டு வைத்திருந்தேன். குடிக்காமலேயே போய்விட்டாள்.

பிப்ரவரி 26, புதன்

ஊதும் சோதனை நடந்தது. டாக்டருக்கு இன்று வேறு ஊரில் வேலை. லேபில் இருந்து ஒரு பெண் மெஷினோடு வந்திருந்தாள். ஆட்கள் ஒவ்வொருவராக வர வேண்டியது, குழாயை வாயில் வைத்து முழு மூச்சும் போகும்வரை ஊத வேண்டியது. நான் பெயரைப் பட்டியலில் எழுத வேண்டியது. பவுண்டரியில் ஒவ்வொரு ஹெல்மெட்டிலும் மஞ்சள் பெயின்டில் பெயர் எழுதியிருக்கும். முகங்கள் எல்லாம் ஒரே கரி. ஹெல்மெட்டைப் பார்த்து எழுதுவது சுலபம்.

முதலில் வந்தவர், "ஏம்மா, நேத்துப் போட்டது இதுல தெரிஞ்சு போகுமா?" என்றார்.

"இது போலீஸ் மெஷின் இல்லண்ணா. பயப்படாம ஊதுங்க."

கிரைண்டிங் ஆள் ஜோதிபாசுவின் ஹெல்மெட் வந்தது. பிரமாதமாக ஊதியது. "சூப்பர்ண்ணா" என்றாள் அந்தப் பெண். கொஞ்ச நேரம் கழித்துச் சென்னியப்பனின் ஹெல்மெட் வந்தது. சென்னியப்பன் என்னைவிடக் குள்ளம். இன்று உயரமாகத் தெரிந்தார். புது பூட்ஸ் போட்டிருக்கலாம். அவரும் பிரமாதமாக ஊதினார். கிரைண்டிங் ஆட்கள் எல்லாருமே நன்றாக ஊதினார்கள். ஒருவர் வந்து போனதும் வெளியே சுவர் மறைவில் ஹெல்மெட்டுகள் உரசும் சத்தம் கேட்டது. வெயில், உள்ளே இருட்டு. என் கண்ணாடி வேறு இன்னும் ஒட்டப்படவில்லை.

பொறுப்பாளர்களுக்கு வெள்ளை ஹெல்மெட். லோகநாதனின் வெள்ளை ஹெல்மெட் வாசலில் வந்தபோது என் பேனா மூடி கீழே விழுந்தது. குனிந்து தேடினேன். மேசைக்கு அடியில் ஒரே குப்பை. தேடி எடுத்து நிமிரும்போது மெஷினில் பச்சைக் கோடு உச்சிக்குப் போய் இறங்கிக்கொண்டிருந்தது.

"பேர் எழுதிட்டீங்களா சார்?"

"எழுதறேம்மா."

லோகநாதன் என்று எழுதினேன். ஹெல்மெட்டில் அந்தப் பெயர்தான் இருந்தது.

பிப்ரவரி 27, வியாழன்

கண்ணாடி ஒட்டியாயிற்று.

மார்ச் 5, புதன்

டாக்டர் ஜெசிந்தா தாள்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். "இவ்வளவு நல்லா ஊதற பவுண்டரிய நான் பார்த்ததில்ல. அதுலயும் கிரைண்டிங். சார், நீங்க பக்கத்துலயேதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"எல்லாரும் அவங்கவங்களே வந்து ஊதினாங்களா?"

பட்டியலில் எல்லாப் பெயரும் இருக்கிறது என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். கீழே நானும் போட்டேன்.

இப்போது லோகநாதனுக்கு வேலைக்கு ஆபத்தில்லை. டாக்டரும் புதன்தோறும் வருவார். மெதுவாக, யாருக்கும் தெரியாமல், இருமலுக்கு என்று சொல்லி அவரை ஒருநாள் உள்ளே உட்கார வைத்துவிடலாம். எல்லாம் ஒழுங்காக அமைந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

மார்ச் 12, புதன்

நாச்சிமுத்து மைசூர்பாகுப் பெட்டியோடு அறைக்கு வந்தார்.

"டாக்டரம்மா, நம்ம ஆளுக அத்தனை பேரும் சிங்கமுங்க. வெளிநாட்டுக்காரனுக்கு இந்த ரிப்போர்ட்ட அனுப்பிச்சேன், ரொம்பச் சந்தோசம். வாத்தியாரே, லாபம் காட்டுங்கன்னு கேட்டேன், காட்டிப்போட்டீங்க."

பிறகு அதே சிரிப்போடு சொன்னார். சக்ஷனுக்கு வாங்கிய கொட்டேஷனைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். யாருக்கும் ஒன்றும் இல்லாதபோது டாக்டர் எதற்கு? கண்ணுத் தூளுக்கும் சுட்ட புண்ணுக்கும் ஒரு நர்ஸ் போதும்.

நான் பேசினேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பையனும் ஃபெயில் ஆகவில்லை என்பதற்காக வாத்தியாரை வீட்டுக்கு அனுப்புவதில்லையே என்று உதாரணம் சொன்னேன்.

"பரீட்சை நடந்துது, பாஸ் ஆயிட்டானுங்க. பேப்பர் திருத்தினதும் நீங்கதானுங்க" என்றார்.

டாக்டர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மைசூர்பாகைத் தொடவில்லை.

மார்ச் 26, புதன்

அறையில் மறுபடி சாக்கு அடுக்கிவிட்டார்கள். முதலுதவிப் பெட்டி டைம் ஆபீஸ் சுவரில் தொங்குகிறது. நர்ஸ் இன்னும் கிடைக்கவில்லையாம்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப்பிறப்பு. கோமதி வீட்டில் சாப்பாடு. லோகநாதன் ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே போய் நின்றார். நான் குழந்தைக்கு மாங்காய்ப் பச்சடியில் ஏன் வேப்பம்பூ போடுகிறோம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

மே 8, வியாழன்

லோகநாதன் கிரைண்டிங் சக்கரத்தின் முன்னாலேயே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டாராம். மாரப்பன்தான் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வண்டி ஏற்றியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். உதடு நீலம்.

மே 10, சனி

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார்கள். கரும்பலகையில் டஸ்டரால் சரியாகத் துடைக்காமல் விட்ட சாக்பீஸ் மாதிரி இரண்டு பக்கமும் வெள்ளை.

மார்பு நோய் டாக்டர் இளையவர், பொறுமையாகச் சொன்னார். மண் தூசி உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. அதைச் சுற்றி நுரையீரல் தழும்பாகிவிடுகிறது. தழும்பு விரியாது, சுருங்காது. டி.பி. மாதிரி மருந்து கொடுத்துக் குணமாக்குகிற நோய் அல்ல. மருந்து இருமலைத் தணிக்கும்; போன இடத்தைத் திருப்பித் தராது.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா?" என்று கோமதி கேட்டாள்.

"தூசியில இருந்து வெளிய எடுத்திருப்போம்மா. இவ்வளவு வேகமா போயிருக்காது. வருஷா வருஷம் ஊதிப் பார்க்க மாட்டாங்களா உங்க கம்பெனில?"

கோமதி என்னைப் பார்த்தாள். நான் எக்ஸ்ரேயைப் பார்த்தேன்.

மே 19, திங்கள்

நாச்சிமுத்து ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து லோகநாதனின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கினார். நடிப்பு இல்லை.

வராந்தாவுக்கு வந்ததும் நான் கேட்டேன். பவுண்டரித் தூசியால் வந்த நோய் என்று எழுதிக் கொடுத்தால் நஷ்ட ஈட்டுக்கு மனுப் போடலாம், குடும்பம் நிற்கும் என்றேன்.

பையில் இருந்து ஒரு தாளை எடுத்தார். அதையும் கொண்டுவந்திருக்கிறார். "வக்கீல் இதைக் காட்டச் சொன்னாருங்க. பிப்ரவரியில உங்க மருமகன் ஊதினது. பவுண்டரியிலேயே முதல் மூணு பேருல ஒருத்தருங்க. அப்படி இருந்த மனுசனுக்கு மூணு மாசத்துல என் தூசியால இப்படி ஆகுமான்னு கேக்கறாரு. வேற என்னமோ சீக்குங்கறாரு. நானா சொல்றேன்? கையெழுத்துக்கூட உங்களதுதானுங்க."

கையெழுத்து நன்றாகவே இருந்தது. கரும்பலகையில் எழுதுகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக.

அவர் போன பிறகு கோமதி ஆப்பிளை நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "அப்பா, அன்னிக்கு நீங்க பாத்தீங்கதான?"

"என்னம்மா?"

"அந்த ஹெல்மெட்ல யாரு இருந்தான்னு."

பார்த்தேன் என்று சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "நான்தான மாரப்பண்ணன்கிட்ட போயிக் கேட்டேன்" என்றாள். "நீங்க கண்டுபிடிச்சுத் தடுத்துடுவீங்கன்னு அன்னிக்குப் பூரா பயந்துக்கிட்டு இருந்தேன்."

ஜூன் 3, செவ்வாய்

ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்குப் பவுண்டரி எதிரில் உள்ள டீக்கடைக்குப் போனேன். மாரப்பன், சென்னியப்பன், இன்னும் சிலர். உள்ளதைச் சொல்லப் போகிறேன் என்றேன்.

மாரப்பன் கிளாஸை டக்கென்று வைத்தார். "சாரு, நல்லதுக்குத்தானுங்க ஊதினேன். ஆளாளுக்குக் கால்ல விழுகாத குறையா கேட்டாங்க. எப்படி மாட்டேங்கறது?"

"உங்களை நான் குத்தம் சொல்லலீங்க."

"சொல்லலைன்னா விடுங்க. நீங்க வாயைத் தொறந்தா நாளைக்கு அத்தனை பேத்தையும் மறுபடி ஊத வெப்பாங்க. தோத்தவனெல்லாம் வெளிய. உங்க மருமவனுக்கு நியாயம் வேணும்னு இத்தன குடும்பத்த நடுத்தெருவுல விடுவீங்களா?"

"விடாட்டி?"

சென்னியப்பன் மெதுவாக, "விடாட்டி நாங்க வரிசையில நிக்கறமுங்க. லோகண்ணன் முன்னால போறாரு, அவ்வளவுதான்" என்றார். சொல்லி முடித்து இருமினார். அந்த இருமல் முடிகிற வரைக்கும் எல்லாரும் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூன் 6, வெள்ளி

டாக்டர் ஜெசிந்தாவின் கிளினிக். உள்ளே போய் நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை.

"அன்னிக்கு நான் கேட்டேனே சார்."

"கேட்டீங்க."

"நீங்க மட்டும் 'இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சக்ஷன் வந்திருக்கும். அந்த ஆள் கொட்டேஷன் வாங்கிக் கையில வெச்சிருந்தாரு. ஒருத்தருடைய மூச்சை எல்லாருக்கும் பங்கு போட்டுக் குடுத்துட்டு, இங்க யாருக்கும் ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்தோம். என் கையெழுத்தும் அதுல இருக்கு."

மருமகனுடைய வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றேன்.

"தெரியும். எல்லாரும் அதுக்குத்தான் பயந்தாங்க. அது தெரிஞ்ச நானே பக்கத்துல நின்னிருக்கணும்." நாற்காலியைக் காட்டினார். "ஞாயித்துக்கிழமை கிளினிக்கைத் திறந்து வைக்கிறேன். வரச் சொல்லுங்க. ஹெல்மெட் வேண்டாம். மூஞ்சியக் கழுவிட்டு வரட்டும்."

ஜூன் 15, ஞாயிறு

யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். லோகநாதன் ஆட்டோவில் வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மூக்கில் குழாய், காலடியில் சிலிண்டர். யாரையும் கூப்பிடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் பைக்கை நிறுத்தி நின்றிருந்தவர்கள் அவரைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து வந்தார்கள். எல்லாரும் வரவில்லை. பெஞ்சு நிறைந்தது.

கழுவிய முகங்களை இன்றுதான் பார்த்தேன். இத்தனை சின்ன வயசுக்காரர்களா என்றிருந்தது.

பச்சைக் கோடு இன்று உச்சிக்குப் போகவில்லை. சென்னியப்பனுக்குப் பாதியிலேயே மடங்கியது. ஜோதிபாசு மறுபடி மறுபடி ஊதிப் பார்த்தார். "மெஷின் மாத்திட்டீங்களா டாக்டரம்மா?" என்று கேட்டார். மாரப்பன் கடைசியாக வந்தார். அவருக்குக் கோடு மேலே போயிற்று. வெட்கப்பட்டவர் மாதிரி குழாயை வைத்துவிட்டு வேகமாக வெளியே போய்விட்டார்.

பெயர்களை நான்தான் எழுதினேன். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து எழுதினேன்.

ஜூலை 2, புதன்

நாச்சிமுத்துவுக்கு விஷயம் போய்விட்டது. வெளிநாட்டுக் கம்பெனி முதல் ரிப்போர்ட் பொய் என்று தெரிந்து ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறதாம். கிரைண்டிங் பகுதி மூடிக் கிடக்கிறது. ஊதியவர்களும் ஊதாதவர்களும் வீட்டில் இருக்கிறார்கள். சென்னியப்பனின் மனைவி தெருவில் என்னைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார். எலக்ட்ரிக் பில் கட்டினேன்.

ஜூலை 18, வெள்ளி

நஷ்ட ஈட்டு மனு மீது விசாரணை. அதிகாரியின் அறை மாடியில். லிஃப்ட் இல்லை. நான் மட்டும் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன், லோகநாதன் கேட்கவில்லை. "நானும் வாரேன் மாமா" என்றார்.

மாரப்பன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். நானும் லோகநாதனும் பின்னால். குழந்தை இந்த வருஷம் சைக்கிள் கேட்கிறாளாம், சின்னதாக வாங்கினால் அடுத்த வருஷமே முட்டி இடிக்கும், அதனால் கொஞ்சம் பெரிதாக வாங்கி... என்று சொல்லிக்கொண்டே வந்தார். அங்கேயே பேச்சு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்து நின்றிருந்தார். வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. போங்க மாமா, வாரேன் என்று கையால்தான் காட்டினார்.

அங்கே நின்றபோதுதான் யோசித்தேன். இந்த இரண்டு வருஷமாக என்னோடு நடக்கும்போதெல்லாம் இவர் இப்படித்தான் பாதியில் பேச்சை விட்டிருக்கிறார். கோயிலுக்குப் போகும்போது, எங்கள் மொட்டைமாடிக்கு ஏறும்போது. நான் பேச்சை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு உதாரணம் சொல்லிக்கொண்டே ஏறியிருக்கிறேன். மாமனார் பேசும்போது மருமகன் குறுக்கே பேசாமல் வருவது மரியாதை என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேனா மூடி கீழே விழுந்ததையும், அது தானாக விழவில்லை என்பதையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். தீர்ப்புக்கு நாளாகும் என்றார். நாச்சிமுத்து எதிரே உட்கார்ந்திருந்தார், மெலிந்திருந்தார். வெளியே வந்ததும் கோபப்படவில்லை. "வாத்தியாரே, நான் மாடு மேய்க்கச் சொன்னது வெளையாட்டுக்குங்க" என்றார். "அத நம்பி இத்தனை பேரு ஒளிஞ்சுக்குவானுங்கன்னு நினைக்கலீங்க. சக்ஷன் இன்னிக்குப் போட்டாலும் அந்த ஆளுகளுக்கு என்னத்துக்கு ஆகும்?" லோகநாதனைப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

லோகநாதன் வெகுநேரம் பெஞ்சில் இருந்து எழவில்லை. சைக்கிளைப் பற்றிய பேச்சை அவரும் தொடரவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த நோட்டு யார் கைக்குப் போகும் என்று தெரியாது. மண்ணிலோ பஞ்சிலோ கல்லிலோ வேலை செய்துவிட்டு வருகிற ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கலாம். அவரோடு இன்று ஒரு மாடி ஏறுங்கள். அவரைப் பேசவிட்டு, நீங்கள் பேசாமல் ஏறுங்கள். பேச்சு எந்த இடத்தில் நிற்கிறது என்று மட்டும் கேளுங்கள்.